மழைக்காலத்து மலைவழி

மழையைப் பழிப்பார் நாட்டிற் பலர். மழையின்றி வாழ்வார் ஒருவருமிலர். இரத்தினபுரியிற் பிறந்து வளர்ந்தோர்க்கு இவ்வுண்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,700 மில்லிமீற்றர் மழை பெறும் நகர் நம் நகர். யாழ்ப்பாணம் பெறுவதைப்போல் அஃது ஏறக்குறைய மூன்று மடங்காகும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையில் தென்மேற்பருவக் காற்றானது கடலினின்றும் சுமந்து வரும் நீராவி, சிவனொளிபாதமலைத் தொடரின் மேற்குச் சரிவில் முட்டி, மேலெழுந்து, குளிர்ந்து, மழையாய்ப் பொழிகின்றது. தன் ஈரத்தையெல்லாம் நமக்கு ஈந்துவிட்ட அக்காற்றே மலைக்கு அப்பால் ஊவாப் பக்கத்தே இறங்கும்போது, உலர்ந்த கச்சானாய் மாறி வீசுகின்றது. மணிகளுக்குப் பெயர்பெற்ற இவ்வூர்க்கு முதற்செல்வம் மழையேயாகும். மணியும் அம்மழைநீர் பன்னெடுங் காலமாய் மலையினின்றும் அரித்துக் கொணர்ந்து படிவித்த சரளைக்கல்லிடையே கிடைப்பதுதானே?

விழாமலர்க் குழுவினர் யாதாயினும் ஒரு பொருள்பற்றி எழுதித் தருமாறு பணித்தபோது, நடையைப்பற்றி எழுதுகின்றேன் என்றேன். தமிழாசிரியன் நடையென்றால் அஃது உரைநடையே ஆகுமென்று அவர்கள் கருதியிருத்தல் கூடும். யான் கருதியது காலால் நடக்கும் நடை. அதிலும் மழைக்காலத்தில் மலைவழியிலும் நீர்க்கரை வழியிலும் நடக்கும் நடை. பொன்விழா மலருக்கு இஃது ஏற்ற பொருளோ என ஐயுறுவார்க்கு ஒன்று சொல்வேன். இக்கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இதன் வாயிலுக்கு வந்தது கால்நடையாகவே. மழையில் நனைந்த சட்டை முதற்பாடம் முடியுமுன் உடம்பிலேயே உலர்ந்ததை அவர்களுள் எவரும் மறந்திருக்கமாட்டார்.

இன்று இப்பொருள்பற்றி நம்மிடையே இரு சாரார் உளர். மழைக்காலத்தில் மாணவரைப் பள்ளி வேலிக்கு வெளியே கொண்டுசெல்லுதலே தவறு, நடைப்பயணமென்ற பேச்சே வேண்டாம் என்பார் ஒரு சாரார். இவர்கள் பெரும்பாலும் பெற்றோரும் பொறுப்பிலுள்ளோருமாவர். மழை பெய்தாலே மலைக்கு அழகென்று கூறி, கைப்பேசியும் கையுமாய், வழியறிந்தாரைக் கேளாது புறப்பட்டு, நீர்வீழ்ச்சியின் தலைமேல் நின்று படம் பிடித்து மகிழ்வார் மற்றொரு சாரார். இவர்கள் பெரும்பாலும் இளைஞர். முன்னவர் அச்சத்தை அறிவென்று கொண்டனர். பின்னவர் அறியாமையை வீரமென்று கொண்டனர். மழையில் நடத்தல் என்பது முறையாகக் கற்பிக்கப்பட வேண்டிய ஒரு கல்வி என்பதே என் துணிபு. அதனைத் தடைசெய்வதால் எவரும் காக்கப்படுவதில்லை. கற்பியாது விடுவதாற் கேடுறுவோரோ நம் தோட்டத்துப் பிள்ளைகளேயாவர்.

ஏன் அங்ஙனம் கூறுகின்றேன்? நகரத்தார்க்கு மழைநடை விருப்பம். தோட்டத்தார்க்கோ அது வாழ்க்கை. விடியற்காலையிற் பெரட்டுக்குச் செல்லும் தாய், இடையிற் படங்கைச் சுற்றிக் கட்டி, தலையிற் கூடையின் கயிற்றை மாட்டி, முழங்காலளவு ஈரத்தில் தேயிலைத் தூர்களினூடே ஏறுகின்றாள். மழை வலுத்ததென்று கொழுந்து காத்திராது. இறப்பர் மலைகளில் மழை பெய்யின் பால் வெட்டு நின்றுவிடும். அன்றைய கூலியும் அதனோடு நின்றுவிடும். எனினும் அவர்கள் பிள்ளைகள் நடப்பது நிற்பதில்லை. மேற்பிரிவு லயத்திலிருந்து கீழ்ப்பிரிவுப் பள்ளிக்கு வரும் பிள்ளை, புத்தகத்தைப் பிளாத்திக்குப் பையிற் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கானைத் தாண்டி, ஓடையைக் கடந்து, வழுக்குப் பாறையில் விரலூன்றி இறங்கி வருகின்றது. இப்பிள்ளைக்கு மழைநடையைத் தடை செய்வது எங்ஙனம்? செய்தோமாயின் அது கல்வியையே தடை செய்வதாகும்.

மலைவழி நடத்தலைக் கற்பித்தல் இன்று புதிதாய்த் தோன்றிய கருத்தன்று. நம் முன்னோர் அதற்கென ஒரு பெருநூலே செய்து வைத்துள்ளனர். பத்துப்பாட்டுள் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்றும் பெயர்பெறுவது, பெருங்கௌசிகனார் இயற்றியது, 583 அடிகளையுடையது. நன்னனைக் கண்டு பரிசில் பெற்று மீள்வோன் ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தர்க்கு வழி கூறுவதே அதன் பொருள். பரிசிலின் பெருமையை மாத்திரம் கூறி அவன் அமைந்தானல்லன். தினைப்புனத்தே பன்றிக்கென வைத்த பொறிகள் உள. பாம்புறையும் குழிகள் உள. யானையை வெருட்டக் கானவர் எறியும் கவண்கற்கள் திடீரெனப் பாய்ந்து வரும். பாசி படர்ந்த நீர்நிலையின் கரை வழுக்கும். அங்கெல்லாம் எவ்வாறு செல்லவேண்டும், எதனைப் பற்றிக்கொள்ளவேண்டும், இரவு வந்துற்றால் எங்கே தங்கவேண்டும் என்றெல்லாம் ஒவ்வொன்றாய் எடுத்தோதுகின்றான். வழியில் இடருண்டு, ஆதலாற் போகாதீர் என்று அவன் கூறவில்லை. இடர் இன்னின்னது, இன்னவாறு நடந்து செல்வீர் என்றே கூறினான். ஆற்றுப்படுத்தல் என்னும் சொல்லுக்கு வழிப்படுத்தல் என்பதே பொருள். ஆசிரியன் தொழிலும் அதுவன்றிப் பிறிதில்லை. வகுப்பறையில் அந்நூலைப் பதவுரையோடு பாடஞ் சொல்லிவிட்டு, வாயிலுக்கு வெளியே தெரியும் மலையில் அதனைப் பயன்படுத்தத் தெரியாத மாணாக்கனை உருவாக்குதல் என்ன கல்வி?

இவ்விடத்து என் பிழையொன்றை மறையாது கூறவேண்டும். அதனைக் கூறாது மேற்செல்வேனாயின் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை, எட்டாம் ஒன்பதாம் தரத்து மாணவர் பதினால்வரை அழைத்துக்கொண்டு, தோட்டத்து மேற்பிரிவுக்கு அப்பாலுள்ள சிறிய நீர்வீழ்ச்சியொன்றைக் காட்டச் சென்றேன். செல்லும்போது ஓடையிற் கணுக்கால் நனையும் அளவே நீர் இருந்தது. பிற்பகல் மூன்று மணியளவில் மீண்டோம். எங்கள் தலைக்குமேல் மழையில்லை. ஆனால் மேல்மலையில் முகில் கறுத்துத் தொங்கிற்று. யான் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்தேனேயன்றி, ஆற்றின் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்தேனல்லன். கரையை அடைந்தபோது பையன் ஒருவன், "சேர், தண்ணி கலங்கி வருது, மேல் மலையில பெரிய மழை. கொஞ்சம் நில்லுங்க சேர்" என்றான். அவன் அவ்வோடையைக் கடந்தே நாள்தோறும் பள்ளிக்கு வருபவன். யானோ ஆசிரியன், பொழுது சாய்கின்றதென்னும் கவலையுடையவன், "ஒன்றுமில்லை, விரைந்து வா" என்று சொல்லி இருவரைக் கைப்பற்றி நீரில் இறங்கினேன்.

நடுவோடையை அடையுமுன் நீர் முழங்காலைக் கடந்தது. அடியிற் கல் உருளும் ஒலியைக் காலாற் கேட்டேன். என் இடக்கையைப் பற்றியிருந்த சிறுவன் வழுக்கி வீழ்ந்தான், கை நழுவிற்று. கீழே பத்துப் பன்னிரண்டடி தூரத்தில் ஒரு மரவேர் நீர்மேல் நீண்டிருந்தது. அவன் அதனைப் பற்றிக்கொண்டதும், எச்சரித்த பையனே கரையோடு ஓடிச் சென்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததும் இறைவன் அருளென்றே இன்றும் நம்புகின்றேன். மற்றவரோடு பின்வாங்கி, பாறையொன்றின் கீழ் இரண்டு மணி நேரம் குளிரில் நடுங்கி நின்றோம். நீர் வடிந்தது, கடந்தோம். இருள் பரந்தபின் லயத்தை அடைந்தபோது தாய்மார் கைவிளக்குகளோடு வழியில் நின்றனர். வீழ்ந்த சிறுவனின் தந்தை என்னை ஏசவில்லை. பிள்ளையின் தலையைத் துடைத்துக்கொண்டே, "சேர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். ஏசியிருப்பாராயின் இத்துணைக் காலம் அது என் நெஞ்சில் நின்றிராது.

அடுத்த வாரமே நடைப்பயணம் இனி வேண்டாமென்று முடிவாயிற்று. மறுத்துரைக்கும் தகுதி எனக்கில்லை என்று கருதி வாளாவிருந்தேன். ஆயினும் ஆண்டிறுதியில் இடாப்பைக் கூட்டும்போது ஒன்றைக் கண்டேன். என்னை எச்சரித்த அப்பையன், கரையோடு ஓடித் தோழனைக் காத்த அப்பையன், அவ்வாண்டிற் பல நாள் வரவில்லை. அவன் வாராத நாள்களை நினைவுபடுத்திப் பார்த்தேன்; பெரும்பாலும் அவை பெருமழை நாள்கள். ஓடையிற் பாலமில்லை, நீர் பெருகினால் அவன் அறிவுடையவனாதலால் இறங்கமாட்டான், இறங்காவிடின் பள்ளிக்கு வரமுடியாது. பத்தாந்தரத்தோடு அவன் படிப்பை நிறுத்திக்கொண்டான். ஓடையொன்றே அதற்குக் காரணமென்று சொல்லேன், வறுமையும் காரணமே. எனினும் ஓடையும் ஒரு காரணம்.

அத்தடை யாரைக் காத்தது? என்னைக் காத்தது, என்போன்ற ஆசிரியரைக் காத்தது. அவனைக் காக்கவில்லை. ஆண்டுக்கொருமுறை ஆசிரியனோடு செல்லும் வழியை அடைத்துவிட்டு, ஆண்டுக்கு இருநூறு நாள் தனியே செல்லும் வழியை அவ்வாறே விட்டுவிட்டோம். அன்று யான் கற்பித்திருக்கவேண்டிய பாடத்தை எனக்குக் கற்பித்தவன் அவன். அவன் அறிவைப் பள்ளிக்கூடத்து அறிவாக்கி, எல்லாப் பிள்ளைக்கும் கொடுப்பதன்றோ நம் கடன்?

இனி, அக்கல்வியின் பாடங்கள் யாவை என்று பார்ப்போம்.

முதலாவது, மழையை அறிதல். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பெய்யும் மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடும் மின்னலோடும் வருவது. ஆதலின் அக்காலத்தில் நடப்போர் விடியலிற் புறப்பட்டு நண்பகலுக்குள் மீளவேண்டும். மின்னும்போது மலைமுகட்டிலும் தனிமரத்தடியிலும் நிற்றலாகாது. தென்மேற்பருவ மழையோ இரவுபகலாய் இடைவிடாது பெய்து மண்ணை ஊறவைப்பது. முன்னையதில் ஓடையும் மின்னலுமே பெரும்பகை. பின்னையதில் மண்ணே பெரும்பகை.

இரண்டாவது, அளத்தல். ஒரு மில்லிமீற்றர் மழையென்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். நூறு மில்லிமீற்றர் பெய்தால் ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் ஏறத்தாழ நான்கு இலட்சம் லீற்றர் நீர், அஃதாவது நானூறு தொன் எடை, வந்து வீழ்கின்றது. கானிலும் ஓடையிலும் வழிந்தோடாத பங்கு மண்ணுள் இறங்கி அதனைக் கனக்கச் செய்து, அதன் பிடியையும் தளர்த்துகின்றது. இதனாலேயே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு இடமான பகுதிகளில் மழையின் அளவைக்கொண்டு எச்சரிக்கை விடுக்கின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்யின் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 பெய்யின் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 பெய்யின், அன்றி ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்யின், அவ்விடத்தைவிட்டு அகலுதல் வேண்டும். இம்மூன்று எண்களையும் நம் பிள்ளைகள் வாய்பாட்டைப்போல் மனனஞ் செய்தல் நன்று. நேரான பக்கங்களையுடைய ஒரு பாத்திரமும் ஓர் அடிமட்டமும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் மழையை அளந்து கரும்பலகையில் எழுதலாம்.

மூன்றாவது, மண்ணின் மொழியை அறிதல். நிலத்திற் புதிய வெடிப்பு. நேராய் நின்ற மரமும் மின்கம்பமும் சாய்தல். சுவரிலும் தரையிலும் பிளவு. ஊற்றில்லா இடத்தில் திடீரென நீர் சுரத்தல். இருந்த ஊற்று திடீரென வற்றுதல் அல்லது கலங்குதல். இவை மண் நகர்வதற்கு முன் தரும் குறிகள். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண்மூடியது. 2016 மே 17ஆம் நாள் நம் அயல் மாவட்டமாகிய கேகாலையில், அரநாயக்கச் சாமசர மலை சரிந்து ஊர்களைப் புதைத்தது. அந்நாட்களிலேயே புளத்கொகுப்பிட்டிப் பக்கத்துத் தோட்ட மக்களும் மண்ணுள் மடிந்தனர். இரத்தினபுரியோ 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வெள்ளத்தையும் சரிவையும் ஒருங்கே கண்டது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயல் இலங்கை முழுவதும் அறுநூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மலைநாட்டில் அவற்றுட் பல மண்சரிவினாற் போயின. இத்துணைக்குப் பின்னும், மண்ணின் குறிகளை அறியாத ஒரு பிள்ளை நம் பள்ளியினின்றும் வெளியேறுமாயின், அப்பிள்ளைக்கு நாம் கொடுத்த சான்றிதழ் எதற்குச் சான்று?

நான்காவது, ஓடையை மதித்தல். தெளிந்த நீர் கலங்குதல், இலையும் சுள்ளியும் மிதந்து வருதல், ஓசை பருத்தல், இவற்றுள் ஒன்று தோன்றினும் நீரில் இறங்காது மேட்டில் நிற்கவேண்டும். விரைந்தோடும் நீர் முழங்காலளவே ஆயினும் வளர்ந்தவனையும் வீழ்த்தவல்லது. அடி தெரியாத நீரைக் கடத்தலாகாது. மலையோடை விரைந்து பெருகுவதுபோல் விரைந்து வடிவதுமுண்டு. காத்திருத்தலே அங்கு வீரம். இதனை யான் எழுதும் விலையை மேலே கூறினேன்.

ஐந்தாவது, நீர்நிலைக் கரையை அறிதல். பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவாவி, 1992இல் மின்னுற்பத்தி தொடங்கிய நீர்த்தேக்கம். அதன் கரைவழி பார்வைக்குச் சமமானது, மலைவழியைப்போல் அச்சந்தருவதன்று. அதனாலேயே ஆங்கு எச்சரிக்கை மிகுதியும் வேண்டும். நீர் ஏறி இறங்கும் கரையிற் சேறு, மேலே உலர்ந்தும் கீழே இளகியும் இருக்கும். அணைக்குக் கீழுள்ள ஆற்றுப் படுகையில், வான்கதவு திறக்கும் காலத்து எவரும் நிற்றலாகாது. மலைக்கு அப்பால் மஸ்கெலியாவில் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது, பழைய நகரின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் நீரினின்றும் தலைகாட்டுவதை நம்முட் பலர் கண்டிருப்பர். மழை வந்ததும் அவை மீண்டும் மறைந்துவிடும். நீரின் எல்லை நாம் கண்ட எல்லையன்று என்பதற்கு அதனினும் சிறந்த பாடம் இல்லை. நம் இரத்தினபுரியிலோ மற்றுமோர் இடர் உண்டு. கைவிடப்பட்ட மாணிக்கக் குழிகள் மழைநீரால் நிரம்பி, வயலோரத்துச் சிறு குட்டைபோல் தோன்றும். ஆழமோ பல ஆள் உயரம். வழியறிந்தாரின்றி அப்பக்கம் செல்லுதல் கூடாது.

ஆறாவது, உடலைப் பேணல். அட்டையைக் கண்டு அலறுவோர் உளர். அஃது உயிரைக் கொல்வதன்று. 1344இல் சிவனொளிபாதமலைக்கு வந்த இபுனு பதூதா என்னும் மொறோக்கோ நாட்டுப் பயணி, அங்குள்ளோர் அட்டைக்கென எலுமிச்சம்பழம் கையில் வைத்திருந்ததை எழுதியுள்ளார். அட்டைக்கு எலுமிச்சை பிழியும் வழக்கம் இன்றும் நம் தோட்டங்களில் உண்டு. உப்பும் சவர்க்காரமும் அதனோடு சேர்ந்துள்ளன. அட்டையினும் அஞ்சவேண்டியது எலிக்காய்ச்சல். காலிற் புண்ணோடு சேற்றுநீரில் நடந்தோர்க்கு அது தொற்றும். நம் மாவட்டத்தில் அதனால் வருந்துவோர் பலர். நடந்த சில நாள்களுக்குள், அன்றி இரண்டு மூன்று கிழமைகளுக்குள், காய்ச்சலும் தசைநோவும் கண்டால், தாமதியாது மருத்துவமனைக்குச் சென்று, சேற்றில் நடந்ததையும் மருத்துவரிடம் கூறவேண்டும்.

ஏழாவதும் இறுதியானதும், போகாதிருக்க அறிதல். இதனை நமக்குக் கற்பிப்பது சிவனொளிபாதமலையே. 2,243 மீற்றர் உயர்ந்த அம்மலைக்கு யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியில் முடிகின்றது. நாம் சிவனடி என்றும், பௌத்தர் புத்தரடி என்றும், முஸ்லிம்களும் கிறிஸ்தவருட் சிலரும் ஆதமின் அடி என்றும் வணங்கும் அவ்விடத்துக்கு, காலம் முடிந்ததும் சமன் தெய்வத்தின் திருவுருவமே மலையினின்றும் இறங்கிப் பெல்மதுளை விகாரைக்கு வந்துவிடுகின்றது. தென்மேற்பருவம் தொடங்குங்கால் தெய்வமே இறங்கிவரும் மலையில், விளக்கும் கடையும் துணையும் அற்ற வழியில், மாணவரை ஏற்றுதல் பக்தியுமன்று, வீரமுமன்று. பலாபத்தலை வழியே ஏறும் நம் பக்கத்துப் பாதை நெடியது, செங்குத்தானது, மழையில் மிக வழுக்குவது. அப்பாதைக்குத் தைமாதம் உண்டு. ஆடிமாதத்துக்கு ஊர்ப்புறத்துத் தாழ்வழிகள் போதும்.

'உயிரினும் பெரிது உண்டோ? ஒரு பிள்ளைக்கு ஊறு நேரின் யார் விடை சொல்வார்?' என்று வினவுவார்க்கு மதிப்போடு விடை கூறுவேன். வினா மிக நேர்மையானது. அவ்வினாவோடு பதினைந்தாண்டு வாழ்ந்தவன் யான். உயிர் பெரிதாதலினாலேயே கற்பிக்கவேண்டும் என்கின்றேன். நீச்சல் அறியாதவனைக் கடலிற் தள்ளுக என்றேனல்லேன். கடற்கரையிற் குடியிருப்பவனுக்கு நீச்சல் கற்பியுங்கள் என்கின்றேன். கற்பிப்போனும் முதலிற் கற்கவேண்டும். ஆசிரியர் கலாசாலையிற் பயின்றபோது வகுப்பை ஆளும் முறை எனக்குக் கற்பிக்கப்பட்டது. வெள்ளத்தின்முன் நிற்கும் வகுப்பை ஆளும் முறை கற்பிக்கப்படவில்லை. ஆதலின் ஊரிலுள்ள ஒரு கங்காணியாரையோ, வழியறிந்த ஒரு முதியவரையோ முன்னே நடக்கவிட்டு, ஆசிரியன் பின்னே நடக்கட்டும். பெற்றோரின் இசைவு எழுத்திற் பெறப்படட்டும். மழைமானி 75ஐக் காட்டிய மறுநாள் எவரும் புறப்படவேண்டாம். 'திரும்புவோம் சேர்' என்று எந்தச் சிறுவன் கூறினும், காரணம் கேளாமல் திரும்புவதே முறையென ஆகட்டும். இவ்வொரு விதி அன்று எனக்கிருந்திருப்பின் போதும்.

'தேர்வுக்கு இதனால் என்ன பயன்?' என்பாருமுளர். மழையை அளந்தவன் கணிதம் அறிவான். கானின் சரிவைக் கண்டவன் புவியியல் அறிவான். ஐந்திணையை ஏட்டில் மாத்திரம் கற்றவனைவிட, முகில் மூடிய மலையைக் கண்டவன் அதனை நன்கு அறிவான். தொல்காப்பியம் கார்காலத்தை முல்லைக்கு வைத்து, குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் வைத்தது. சபரகமுவையிற் பிறந்த மாணவன் ஒருவன், "ஐயா, நம் மலையில் ஆண்டெல்லாம் காரன்றோ?" என்று வினவினான். அவ்வினா ஏட்டைமட்டும் படித்தவன் வாயில் எழாது. அன்று யான் பெற்ற மகிழ்ச்சி சிறிதன்று.

இறுதியாகப் பழைய மாணவர்களாகிய உங்களிடம் ஒரு விண்ணப்பம். பொன்விழாவின் நினைவாக வாயில் வளைவொன்று எழுப்பவேண்டுமென்று பேச்சு நிகழ்வதாக அறிகின்றேன். வளைவு வேண்டாமென்று யான் சொல்லவில்லை. கல்லூரியின் பெயர் கல்லில் நிற்பதில் எனக்கும் பெருமையே. ஆயின் அவ்வளைவின்கீழ் வந்து நுழையவேண்டிய பிள்ளைகளுட் சிலர் மழைநாளில் ஓடையின் அக்கரையில் நிற்கின்றனர். வளைவின் செலவில் ஒரு பகுதியைக்கொண்டு, நம் கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தோட்டப் பள்ளிகளுக்கு மழைமானி ஒவ்வொன்று கொடுக்கலாம். மாணவரைக்கொண்டே அவரவர் வழியை வரைந்து, ஓடையும் சரிவும் குழியும் குறித்த வழிப்படம் ஆக்கலாம். நம்முள் எந்திரவியலாளர் உளர், தோட்ட உத்தியோகத்தர் உளர், மருத்துவர் உளர், கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாணிகம் புரிவோர் உளர். கைப்பிடியோடு கூடிய ஒரு சிறு பாலம், ஆண்டுக்கொன்றேனும், பிள்ளைகள் மிகுதியாய்க் கடக்கும் ஓரோடைக்குப் போடுவது இச்சங்கத்தால் ஆகாத செயலன்று. ஆசிரியராகிய நாங்கள் எங்கள் பங்குக்கு, ஆண்டில் மூன்று முறை, முறையறிந்து, மாணவரை மழைவழியில் நடத்திச் செல்வோம்.

இன்றைய மாணவர்க்கும் ஒரு சொல். மலையைக் கண்டு அஞ்சாதீர். மலையை எளிதென்றும் எண்ணாதீர். வழியறிந்தாரைக் கேளுங்கள், அவர் படியாதவராயிருப்பினும் கேளுங்கள். உங்களுள் ஒருவன் கரையில் நின்று, 'நீர் கலங்குகின்றது, நில்லுங்கள்' என்பானாயின், அவன் வகுப்பிற் கடைசி வாங்கிலிருப்பவனாயினும், அவனே அப்பொழுது உங்கள் ஆசிரியன்.

அப்பையன் இன்று முப்பதை அணுகும் ஆடவன். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் வழியில் எதிர்ப்பட்டான். ஆறு வயதுப் பெண்பிள்ளையொன்றைத் தோளில் வைத்திருந்தான். ஓடையைக் கடத்திப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குச் செல்வதாகக் கூறினான். "தண்ணி கூடினா இவளையும் மறிச்சிருவேன் சேர்" என்றான். அவ்வோடையில் இன்றும் பாலமில்லை. அவள் பத்தாந்தரத்தைக் கடக்கவேண்டும் என்பதே என் ஆசை. அதற்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் உள. ஒரு பாலத்துக்கு அது போதிய காலமே.